சர்க்கரை டப்பாவின் உயரம்

பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிடுவார்கள். என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காதுக்குக் கீழே வீங்கும், சங்கிலி கழுத்துக்கு ஏறும், பத்து நாளில் வீக்கம் வடியும், சங்கிலி பெட்டிக்குத் திரும்பும். தங்கம்தான் குணப்படுத்தியது என்று நம்பினோம். சும்மா இருந்தாலும் அது வடிந்துவிடும் என்று அப்போது நமக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்குப் பதினொரு வயதில் கழுத்து வீங்கியது. எண்பதுகளின் நடுப்பகுதி. அப்போது நாங்கள் கோவிலம்பாக்கத்தில் இருந்தோம். வீட்டுக்காரர்கள் அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். வயலில் பாதியை மனை போட்டு விற்றிருந்தார்கள். மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் வரிசையாக மூன்று போர்ஷன் கட்டியிருந்தார்கள். கடைசிப் போர்ஷன் எங்களுடையது. அத்தா, அதாவது என் அப்பா, பல்லாவரத்தில் தோல் பதப்படுத்தும் டேனரியில் வேலை பார்த்தார். தினமும் சைக்கிளில் போய் வருவார். அவர் தெருமுனை திரும்பும்போதே அந்த வாடை வீட்டுக்குள் வந்துவிடும். எனக்கு அது அத்தாவின் வாடை. டேனரியின் வாடை என்று தெரிந்துகொள்ள ரொம்ப நாள் ஆனது.

எங்கள் வீட்டில் சங்கிலி கிடையாது. வீட்டுக்கார அம்மா தன் ரெட்டை வடச் சங்கிலியைக் கழற்றிப் போட்டுவிட்டார். "பத்து நாள் போட்டுக்கினு இரு. குளிக்கறப்போ கூட கழட்டாத" என்றார்.

சங்கிலி ஜில்லென்று கனமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் மரியாதை கூடிவிட்டது. பக்கத்து பெஞ்சுப் பெண்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பத்து நாள் போனது, இருபது நாள் போனது. யார் வந்தாலும் சங்கிலியைப் பார்த்தார்கள், வீக்கத்தை யாரும் பார்க்கவில்லை. அது கன்னத்தை ஒட்டி இல்லை. இடது பக்கம், காதுக்கும் தோளுக்கும் நடுவில், கொஞ்சம் பின்பக்கமாக இருந்தது. வலியே இல்லை. விரலால் தள்ளினால் தோலுக்குள் புளியங்கொட்டை மாதிரி நகரும். பாடம் கேட்கும்போது அதை உருட்டிக்கொண்டே இருப்பேன். ஒன்றாக இருந்தது மூன்றாகியது.

நாற்பது நாள் ஆன பிறகு வீட்டுக்கார அம்மாதான் கண்டுபிடித்தார். சங்கிலியை வாங்கிக்கொள்ள வந்தவர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இது பொன்னுக்கு வீங்கி இல்லம்மா. அது வந்தா புள்ள சோறு முழுங்க முடியாம அழும். இவ கொய்யா மரத்துல ஏறிக்கினு கீறா. டாக்டராண்ட காட்டு."

அம்மா முகம் வெளுத்துவிட்டது. அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மாவின் தம்பி, என் சின்ன மாமு, கழுத்தில் கட்டி வந்துதான் இறந்தார். அவருக்கும் முதலில் வலி இல்லை. "கெட்ட கட்டி" என்று பெரியவர்கள் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். அந்தக் குரலை நான் மறுபடியும் எங்கள் வீட்டில் கேட்க ஆரம்பித்தேன். நான் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். எனக்கு விஷயம் புரிந்திருந்தது. ஒன்று, இது மாத்திரையில் போகிற கட்டி. அல்லது சின்ன மாமுவின் கட்டி. எது என்று தெரியும்வரை அம்மா என்னைத் திட்டவே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

*

அத்தா என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கூட்டிப் போனார். டேனரி ஆட்கள் கை கால் வெட்டுப்பட்டால் போகிற ஒரு சின்ன நர்சிங் ஹோம். இப்போது அந்த இடத்தில் செருப்புக் கடை இருக்கிறது. டாக்டர் கழுத்தை மட்டும் இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லவில்லை, எதுவும் கேட்கவில்லை.

"ஒண்ணை எடுத்து அனுப்பிப் பாத்துடலாம் பாய். பத்து நிமிஷ வேலை" என்றார்.

சனிக்கிழமை காலையில் எடுத்தார்கள். பச்சை ரெக்சின் போட்ட மேஜை. ஸ்பிரிட் வாடை. மரத்துப்போக ஊசி போட்டார்கள், வலிக்கவில்லை, இழுப்பது மட்டும் தெரிந்தது. டாக்டருக்கு அவசரம். வெளியே யாரோ காத்திருந்தார்கள். நடுவில் ஒரு தடவை என் இடது தோள் என்னைக் கேட்காமல் துள்ளியது. தூக்கத்தில் கால் உதறுமே, அப்படி.

"அசையாத பாப்பா" என்று அதட்டினார்.

"நான் அசையல சார்" என்றேன்.

"பாரு, பேசறா. பேசாத."

நான் பொய் சொல்லவில்லை. ஆனால் டாக்டர் சொன்னால் அசைந்திருப்பேன் போலிருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டேன். பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கட்டுப் போட்டு முடித்ததும் நர்ஸ் அத்தாவிடம் ஒரு பழுப்பு நிற பாட்டிலையும் சீட்டையும் கொடுத்தார். பாட்டிலில் மூக்கைக் குத்துகிற தண்ணீர். அதற்குள் வெளிறிப்போய், உரித்த வேர்க்கடலை அளவுக்கு ஒன்று கிடந்தது. பட்டணத்தில் இருக்கிற லேபில் கொடுக்க வேண்டும் என்றார். அத்தா என்னை வீட்டில் விட்டுவிட்டு டிரெயின் பிடித்துப் போனார். லேப் பூட்டியிருந்தது. திங்கட்கிழமை திறப்பார்கள் என்று வாட்ச்மேன் சொன்னாராம். பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்து அலமாரியின் மேல்தட்டில் தன் சவரப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். சின்ன மாமுவின் நினைவில் அம்மா அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமி வந்தாள்.

மாமி அத்தாவின் அக்கா. ஊரப்பாக்கத்தில் தனியாக இருந்தாள். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. பாய் பின்னுவாள், பிரசவ வீடுகளில் கூடமாட இருப்பாள். நீளமான ஆள். குரலும் நீளம். எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலிலிருந்தே குறை சொல்லிக்கொண்டு வருவாள். அன்றைக்கு அத்தா ஓவர்டைமுக்குப் போயிருந்தார். அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். நானும் மாமியும் மட்டும்.

என் கட்டைப் பார்த்து அழுதுவிட்டு, அலமாரியில் சீப்பு தேடியவள் பாட்டிலை எடுத்தாள்.

"இது இன்னா புள்ள?"

"என் கழுத்துலேருந்து எடுத்தது மாமி."

மாமி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"உசுரோட இருக்கற புள்ளையோட சதைய சவரப் பொட்டிகிட்ட வச்சிருக்கானே" என்றாள்.

இதை நீங்கள் மூடத்தனம் என்று சொல்வதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். டேனரியில் ஒருவருக்கு மெஷினில் விரல் போனபோது, அத்தாதான் அந்த விரலை வெள்ளைத் துணியில் சுற்றி கபர்ஸ்தான் ஓரத்தில் அடக்கிவிட்டு வந்தார். உடம்பிலிருந்து பிரிந்தது மண்ணுக்குப் போக வேண்டும். எங்கள் வீட்டில் நகம்கூட அப்படித்தான். மாமிக்குத் தெரிந்த மரியாதை அது. பாட்டில் எதற்கு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

மாமி கை கால் முகம் கழுவி ஒளு செய்தாள். அத்தாவின் புது வேட்டியின் ஓரத்தைக் கிழித்தாள். கிணற்றடியில் கறிவேப்பிலைச் செடிக்குக் கீழே கரண்டியால் ஒரு முழ ஆழம் தோண்டினாள். நான் பக்கத்தில் குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் உடம்பின் ஒரு துண்டு எனக்கு முன்னால் போகிறது. பயமாக இல்லை. வெள்ளைத் துணியில் அது அழகாகவே இருந்தது. மாமி உதட்டுக்குள் ஓதினாள். பிறகு அந்த நாற்றம் பிடித்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றி, பாட்டிலைச் சீயக்காய் போட்டுக் கழுவி, துவைக்கிற கல்லின்மேல் கவிழ்த்துவைத்தாள். நல்ல பாட்டில், எதற்காவது உதவும் என்றாள்.

சாயங்காலம் அத்தா வந்து கைகால் கழுவக் கிணற்றடிக்குப் போனார். கல்லின்மேல் அந்த பாட்டில் பளபளவென்று கவிழ்ந்திருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றது இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது.

"அக்கா, இதுக்குள்ள இருந்தது எங்க?"

"எங்க போவணுமோ அங்க அனுப்பிட்டேன்."

"அய்யோ அக்கா! அது டெஸ்டுக்குப் போவ வேண்டியது! அத வச்சுத்தான் இவளுக்கு இன்னான்னு தெரியும்!"

"ஒரு வார்த்த சொன்னியா நீ?" என்றாள் மாமி. சொல்லிக்கொண்டே கரண்டியை எடுக்கப் போனாள்.

தோண்டி எடுத்தார்கள். எறும்பு வந்துவிட்டிருந்தது. மறுநாள் அத்தா அதை அந்தத் துணியோடு கொண்டுபோனார். மண்ணில் கிடந்ததை வைத்துக்கொண்டு என்ன பார்க்கச் சொல்கிறாய் என்று டாக்டர் அவரைத் திட்டி அனுப்பினார். இன்னொன்று எடுக்கலாம், கூட்டி வா என்றாராம்.

அம்மா மாமியைப் பார்த்துச் சொன்னதை எல்லாம் எழுத வேண்டாம். "என் தம்பிய மண்ணுக்குக் குடுத்தேன். புள்ளையையும் பொதைக்கப் பாக்கறீங்களா?" என்றது மட்டும் போதும்.  

வீட்டுக்கார அம்மா மட்டும் சகஜமாக இருந்தார். "அந்தச் செடி கறிவேப்பிலை எனக்கு ஆறு மாசத்துக்கு வேணாம்மா. ரசத்துல உன் பொண்ணு கழுத்துதான் நெனப்பு வரும்" என்றார். அந்தப் பேச்சுக்கு நான் ஒருத்திதான் சிரித்தேன்.

*

இந்தத் தடவை லேபும் அங்கேயே இருக்கிற இடமாகப் பார்ப்போம் என்று முடிவானது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னை மாமிதான் கூட்டிப் போனாள். "நான் கெடுத்தத நானே பாத்துக்கறேன்" என்று அத்தாவிடம் சொல்லிவிட்டாள். அத்தா லீவு எடுத்தால் வேலை போய்விடும். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வாசலைக் கண்டாலே மாமுவின் ஞாபகம் வந்து மயக்கம் வரும். அதனால் வாரத்துக்கு இரண்டு தடவை நானும் மாமியும் பல்லாவரத்தில் எலக்ட்ரிக் டிரெயின் ஏறுவோம். மாமி எனக்கு ஜன்னல் இடம் பிடிக்க ஆட்களை இடித்துத் தள்ளுவாள். கழுத்துக் கட்டைக் காட்டி, "ஆபரேசன் புள்ள, ஆபரேசன் புள்ள" என்பாள். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அங்கே இருந்தது ஒரு லேடி டாக்டர். மூக்குக் கண்ணாடி, சிரிக்காத முகம். ஆனால் கைகள் வெதுவெதுப்பாக இருந்தன. என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, பின்னால் நின்று, இரண்டு கையாலும் கழுத்து முழுக்க மெதுவாகத் தடவினார். தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால், கழுத்தெலும்புக்கு மேலே, அக்குளில். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். காதைப் பார்த்தார். தலைமுடியைப் பிரித்துப் பார்த்தார்.

"பேன் இருக்கு. தலையில புண் இருந்தாலும் கழுத்துல இப்படி நெறி கட்டும். ஆனா இது அதனால வந்ததாத் தெரியல."

அத்தனை பேர் முன்னால் பேன் இருக்கு என்றது எனக்குக் கட்டியைவிடப் பெரிய அவமானமாக இருந்தது.

கேள்விகளும் கேட்டார். சாயங்காலம் காய்ச்சல் வருதா? தூக்கத்தில் வேர்க்கிறதா? பாவாடை தளர்ந்துபோச்சா? வீட்டில் யாராவது இருமுகிறார்களா? பால் காய்ச்சாமல் குடிக்கிறாளா? முந்தைய டாக்டர் கேட்காத இத்தனை கேள்விக்கும் மாமி நீளமாகப் பதில் சொன்னாள். நடுவில் பாட்டில் கதையையும் தானே சொல்லிவிட்டாள். நர்ஸ் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை.

"உங்ககிட்ட அத ஏன் எடுத்தாங்கன்னு சொல்லியிருக்கணும்மா" என்றார்.

பிறகு என்னிடம், "ரெண்டு தோளையும் காது வரைக்கும் தூக்கு பாப்போம்" என்றார். விளையாட்டுப் போல இருந்தது. தூக்கினேன்.

"ரெண்டும்."

"ரெண்டும்தான் டாக்டர்."

அவர் என் முன்னால் வந்து நின்று பார்த்தார். கையைப் பக்கவாட்டில் மேலே தூக்கச் சொன்னார். வலது கை போனது. இடது கை தோள் அளவுக்கு வந்து நின்றுவிட்டது. கட்டு இறுக்கம் என்று நினைத்தேன். அவர் சீட்டில் எதையோ எழுதினார். "இன்னொரு தடவை வெட்டறதுக்கு முன்னாடி இத எழுதி வச்சிடணும்" என்று நர்ஸிடம் சொன்னார். என்னை எடை பார்த்துவரச் சொல்லி அனுப்பினார்.

எடை மெஷின் வராண்டாவின் கடைசியில் இருந்தது. நான் திரும்பி வந்தபோது மாமி முந்தானை நுனியை முடிச்சுப் போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொல்லிக்கொண்டிருந்ததன் கடைசித் துண்டுதான் என் காதில் விழுந்தது. "தினமும் செய்யணும். வலிக்குதுன்னு அழுவா. நீங்க விட்டுடக் கூடாது." மாத்திரையைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

முன்கையில் ஊசி போட்டு பேனாவால் வட்டம் போட்டார்கள். மூன்று நாள் கழித்து அந்த வட்டம் சிவந்து தடித்திருந்தது. டாக்டர் ஸ்கேல் வைத்து அளந்தார். மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டு உறிஞ்சிப் பார்த்தார்கள். அதில் தெளிவாக வரவில்லை. கடைசியில் வெட்டித்தான் பார்க்க வேண்டும் என்றார்.

இந்தத் தடவை பின்பக்கம் போகவில்லை. கழுத்தின் முன்பக்கம் மடிப்பை ஒட்டி, மேலாக இருந்த ஒரு சின்னக் கட்டியை எடுத்தார். அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது. என் தோள் ஒருமுறைகூடத் துள்ளவில்லை. அதை இரண்டாக நறுக்கி இரண்டு பாட்டிலில் போட்டார்கள். ஒன்றில் அந்த நாற்றத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் உப்புத் தண்ணீர். ஒன்று பார்க்க, இன்னொன்று கிருமி வளருதா என்று வளர்த்துப் பார்க்க.

பாட்டில்களை அதே கட்டடத்தில் இருந்த லேபுக்கு எடுத்துப்போக ஆஸ்பத்திரி ஆயா ஒருவர் வந்தார். மாமி கொடுக்கவில்லை. தானே எடுத்துவருவேன் என்று சொல்லி, ஒரு கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, வராண்டாவில் ஆயாவுக்குப் பின்னால் நடந்தாள். நான் தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு பார்த்தேன்.

"இன்னா பாயம்மா, தங்கமா கீது உள்ள? இப்டி புடிச்சிகினு வர்ற?"

"தங்கத்த நாப்பது நாள் போட்டுப் பாத்தாச்சும்மா. நீ நட."

லேப் ஆள் சீட்டில் கையெழுத்துப் போடும்வரை மாமி ஜன்னலை விட்டு நகரவில்லை என்று ஆயா வந்து நர்ஸிடம் சொல்லிச் சிரித்தார். "மீதி இருந்தா பொதச்சிடுவீங்களான்னு வேற கேக்குது!"

ரிசல்ட்டு டி.பி. என்று வந்தது. நெறிக்கட்டு டி.பி. அம்மா அதைக் கேட்டு, அல்லாவுக்கு நன்றி சொல்லும் ஷுக்ர் தொழுகை தொழுதாள். டி.பி. வந்ததற்குச் சந்தோஷப்பட்ட வீடு தாம்பரம் வட்டாரத்தில் எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருக்கும். சின்ன மாமுவின் கட்டி இல்லை. மாத்திரையில் போகிற கட்டி.

*

மாத்திரை சாப்பிட்டால் மூத்திரம் சிவப்பாகப் போகும். முதல் நாள் நான் அலறிய அலறலில் வீட்டுக்காரர் ஓடிவந்துவிட்டார். பல மாதம் சாப்பிட்டேன். தினமும் ஒரு முட்டை. கட்டிகள் ஒவ்வொன்றாகச் சுருங்கி, ஒரு நாள் தேடினால் கைக்குக் கிடைக்கவில்லை. அந்த வருடப் படிப்பு போனது. அடுத்த வருடம் சின்னப் பிள்ளைகளோடு உட்காரப் பிடிக்காமல் நானே நின்றுவிட்டேன்.

கட்டி போனது, தோள் வரவில்லை. இடது தோள் ஒரு பக்கமாக இறங்கியே இருந்தது. தாவணி போட்ட பிறகுதான் அது பெரிய விஷயமானது. உங்களுக்கே தெரியும், தாவணி தங்குவது இடது தோளில். எனக்குத் தங்காது. ரோட்டில், கல்யாண வீட்டில், பெரியவர்கள் முன்னால், நழுவி விழும். "அடக்கம் கெடயாது இந்தப் பொண்ணுக்கு" என்று எத்தனை பேர் சொன்னார்கள்! ஊக்கு குத்தினால் துணி கிழியும். நான் வேண்டுமென்றே விடுகிறேன் என்று அம்மாகூட ஒரு தடவை அடித்தாள்.

தோள் ஏன் இறங்கியது என்பதற்குக் குடும்பத்தில் ஒரே பதில்தான். மாமி பாட்டிலைப் புதைத்தாள், அதனால் இரண்டாம் தடவை வெட்ட வேண்டி வந்தது, அதனால் பிள்ளை தோள் விழுந்தது. வருகிற போகிற சொந்தம் எல்லாம் மாமியை வைத்துக்கொண்டே அதைச் சொல்வார்கள். அத்தா சொல்ல மாட்டார். ஆனால் மறுக்கவும் மாட்டார். மாமி சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள்.

நான் தேறும்வரை என்று வந்தவள் இரண்டு வருடம் எங்களோடு இருந்தாள். அந்த இரண்டு வருடமும் எனக்கு அவளைப் பிடிக்காது. நோய்வாய்ப்பட்ட பிள்ளையை அவள் வேலை வாங்கினாள். சர்க்கரை டப்பாவை மேல்தட்டில் ஏற்றிவிட்டாள். எனக்குச் சர்க்கரை பிடிக்கும் என்று தெரிந்தேதான். "இடது கையால எடு" என்பாள். வலது கையை நீட்டினால் தட்டிவிடுவாள். துணிக்கொடியை உயரமாகக் கட்டி என்னைக் காயப்போடச் சொல்வாள். தினமும் காலையில் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, "எறும்பு மாதிரி வெரல ஏத்து" என்பாள். தோள் வலித்து அழுவேன். "அழு, ஆனா ஏத்து" என்பாள். விரல் எட்டிய இடத்தில் அடுப்புக்கரியால் ஒரு கோடு இழுப்பாள். வெள்ளையடித்த சுவரைக் கெடுக்கிறாள் என்று வீட்டுக்கார அம்மா சண்டைக்கு வந்தார். "உசரம் அளக்கறேன்" என்று மாமி பொய் சொன்னாள். உயரம் தலையில் அளப்பார்களா, விரல் நுனியில் அளப்பார்களா என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று. கட்டுப் பிரித்த நாளிலிருந்து என் தலையை அவள்தான் பின்னிவிட்டாள். நான் கேட்டதில்லை. காலையில் சீப்போடு வந்து உட்காருவாள். பின்னுவதற்கு இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் தூக்க வேண்டும் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. செய்த பாவத்தைக் கழிக்கிறாள் என்று அம்மா சொல்வாள். நானும் நம்பினேன்.

*

பிறகு நான் ஒரு இடத்தில் தங்கவில்லை. குரோம்பேட்டையில் கையுறை தைத்தேன். ஆம்பூரில் செருப்புக்கு மேல்தோல் ஒட்டினேன். திருப்பூரில் பிசிறு வெட்டினேன். கல்யாணம் ஒன்று நடந்தது, நிற்கவில்லை. அதையும் தோளையும் முடிச்சுப் போட விரும்பவில்லை. அத்தா இறந்தபோது நான் மஸ்கட்டில் ஒரு வீட்டில் வேலையில் இருந்தேன். மண் போட வர முடியவில்லை.

அந்த வீட்டில் நடக்க முடியாத கிழவி ஒருவர் இருந்தார். அவருக்குக் கைகால் பயிற்சி கொடுக்க ஒரு மலையாளப் பெண் வருவாள். ஒரு நாள் நான் துணி காயப்போடுவதைப் பார்த்துவிட்டு, முக்காட்டை எடுக்கச் சொன்னாள். முதுகைத் தடவினாள். கழுத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு தழும்பு. முதல்ல வெட்டினது எது சேச்சி?"

பின்பக்கத்தைக் காட்டினேன்.

"இதுதான். இங்கே தோலுக்குக் கொஞ்சம் கீழதான் தோளைத் தூக்கற நரம்பு ஓடும். அதைத் தொட்டா தோள் துள்ளும். பாத்து நிறுத்தணும். அவர் நிறுத்தல. முன்னால இருக்கற தழும்புக்கும் தோளுக்கும் சம்பந்தமே இல்ல."

நான் துணிவாளியைக் கீழே வைத்தேன்.

"ஆனா யாரோ உங்களை விடாம பயிற்சி செய்ய வச்சிருக்காங்க. இல்லேன்னா இந்தத் தோள் இறுகிப்போயிருக்கும். கையை இந்த அளவுக்குக்கூடத் தூக்க முடியாது. யாரு, பிசியோவா?"

சுவரில் அடுப்புக்கரிக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஞாபகம் வந்தன. வராண்டாவில் எடை மெஷின். முடிச்சுப் போட்டு அவிழ்த்த முந்தானை. இரண்டாம் தடவை வெட்டுவதற்கு முன்பே டாக்டர் என் தோளைப் பார்த்துவிட்டார். மாமியிடம் சொல்லியும்விட்டார். மாமிக்கு அன்றைக்கே தெரியும்.

அடுத்த லீவில் ஏர்போர்ட்டிலிருந்து நேராக ஊரப்பாக்கம் போனேன். மாமி படுக்கையில் இருந்தாள். அந்த நீளமான ஆள் கட்டிலில் பாதிக்குள் அடங்கியிருந்தாள். குரல் மட்டும் அப்படியே இருந்தது. "வெறுங்கையோடயா வந்த?" என்றாள். டேட்ஸ் பெட்டியைக் கொடுத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"மொத வெட்டுலயே போச்சுன்னு உங்களுக்குத் தெரியும்ல மாமி?"

அவள் டேட்ஸ் ஒன்றை எடுத்துக் கொட்டையை நீக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் சொல்லல? ஊரே உங்களப் பேசிச்சே. நானும் பேசினேனே."

"உங்க அத்தா உன்ன சைக்கிள்ல முன்னாடி ஒக்காரவச்சு அந்த டாக்டராண்ட அழைச்சினு போனான்" என்றாள் மாமி. "அது தெரிஞ்சா அவன் அந்த சைக்கிள மறுபடி தொட்டிருக்க மாட்டான். வேலைக்கு எப்புடிப் போவான்? எம்மேல ஏற்கனவே ஒரு பழி கெடந்துச்சு. அதுமேலயே இதையும் வச்சிட்டேன்."

கொட்டை நீக்கியதை என் கையில் வைத்தாள். நான் அதைத் தின்னாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"எழுந்திரு. செவுத்துப் பக்கம் நில்லு. கைய ஏத்து பாப்பம்."

நின்றேன். சுவரில் இடது கை விரல்களை எறும்பு மாதிரி ஏற்றினேன். தோள் அளவு வந்தது. அதற்கு மேல் கொஞ்சம் போனது. நின்றது. மாமி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"கோவிலம்பாக்கத்துல இதுக்கு மேல போயிருந்த."

"வயசாயிடுச்சு மாமி."

"யாருக்கு?" என்றாள். "அழு. ஆனா ஏத்து."